எழுந்துபோய்க் கேட்டேன்

படம் தொடங்கி ஐந்து நிமிடம் இருக்கும். நீண்ட நடைவழி ஒன்றில் கதாநாயகி நடந்து வருகிறாள். முகம் தெரியவில்லை. இரவுக் காட்சி போல என்று விட்டுவிட்டேன். அடுத்து நடுப்பகல், திறந்த மைதானம், ஆட்கள் ஓடுகிறார்கள். அதுவும் விளக்கு வைக்கும் நேரம் போல மங்கிக் கிடந்தது. பக்கத்தில் இருந்த மகள் என் காதருகே வந்து, "ஏம்மா எல்லாம் சாம்பல் பூசின மாதிரி இருக்கு?" என்று கேட்டாள்.

அவளுக்கு ஒன்பது வயது. அவள் கண்ணுக்கே தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அரங்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. ஒருவரும் அசையவில்லை.

போன வருட லீவாக இருந்தால் நானும் அசைந்திருக்க மாட்டேன். அப்போதும் இதே மாதிரி பத்து நாள். எங்கும் தொலைவாகப் போகாமல் தினம் ஒரு சின்ன வெளிநடை என்றுதான் திட்டம். போன இடமெல்லாம் ஏதோ ஒரு குறை. ஓரிடத்தில் ஒலி சரியில்லை, ஓரிடத்தில் கட்டணம் சொன்னது ஒன்று வாங்கியது ஒன்று, இன்னோரிடத்தில் இரண்டு மணி நேரம் நின்றும் உள்ளே போக முடியவில்லை. அங்கெல்லாம் வாய் திறக்காமல் வந்து, வீட்டில் மூன்று நாள் புலம்புவேன். லீவு முடிந்து வேலைக்குப் போன அன்று யோசித்துப் பார்த்தால், எங்கே போனோம் என்பது மங்கலாகவும் எதற்கெல்லாம் எரிச்சல்பட்டேன் என்பது தெளிவாகவும் நினைவில் இருந்தது. அப்போது இவர் சொன்னார்: "நீ சொல்றது எல்லாம் நியாயம்தான். ஆனா என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவங்ககிட்ட இல்ல சொல்லணும்?"

அந்த வார்த்தை உள்ளே தங்கிவிட்டது. இந்த வருடம் லீவு எழுதிக் கொடுத்த அன்றே முடிவு செய்திருந்தேன். சரிசெய்யக்கூடிய குறை என்றால் அதே இடத்தில், அதே நேரத்தில், சரிசெய்யக்கூடிய ஆளிடம் போய்ச் சொல்வது. சரிசெய்ய முடியாதது என்றால் அதில் போய் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது.

எனவே எழுந்தேன்.

வாசலில் டிக்கெட் கிழிக்கும் பையன் நின்றிருந்தான். படம் இருட்டாக இருக்கிறது என்றேன். "படமே அப்படித்தான் மேடம், டார்க்காத்தான் எடுத்திருக்காங்க" என்றான். அவன் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. அவன் உள்ளே வந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். டிஜிட்டல் புரொஜெக்டர் வந்த பிறகு பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு அரங்குக்கும் தனி ஆபரேட்டர் கிடையாது. காட்சி நேரத்தை முன்கூட்டியே ஏற்றிவைத்துவிடுகிறார்கள். விளக்கு அணைவதும் படம் ஓடுவதும் தானாக நடக்கிறது. உள்ளே இருக்கும் நாம் வெளியே வந்து சொன்னால்தான் வெளியே இருப்பவருக்குத் தெரியும்.

திரையில் இவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்பதற்குத் திரைத்துறையில் அளவே உண்டு. சாதாரணப் படத்துக்குத் திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட், அதாவது சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. அதை நம் கண்ணால் அளக்க முடியாது. ஆனால் வெயில் காட்சியிலேயே முகம் தெரியவில்லை என்றால் அளவு எங்கேயோ விழுந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. புரொஜெக்டரின் செனான் விளக்கு வயதாகி ஒளி குறைந்திருக்கும். அல்லது புரொஜெக்டர் அறையின் கண்ணாடி ஜன்னலில் அழுக்குப் படிந்திருக்கும். அல்லது முந்தைய காட்சி 3டி படமாக இருந்து, லென்ஸின் முன்னால் மாட்டிய துணைக்கருவியை எடுக்காமலே அடுத்த படத்தை ஓட விட்டிருப்பார்கள். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் போகும்படி ஒளியை முனைவாக்கிப் பிரிக்கும் வகைக் கருவியாக இருந்தால் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் அதுவே விழுங்கிவிடும்.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் விளக்கிப் பயனில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று: "மேனேஜரை ரெண்டே நிமிஷம் உள்ள வந்து நின்னு பார்க்கச் சொல்லுங்க." பணம் திருப்பிக் கேட்கவில்லை, கோபப்படவில்லை. வந்து பாருங்கள் என்றால் மறுக்க யாருக்கும் காரணம் இருக்காது. மேனேஜர் வந்தார். திரையை ஒரு கணம்தான் பார்த்தார். ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் என் இருக்கைக்கு வந்து உட்கார்ந்து நான்கைந்து நிமிடத்தில், ஒரு தடவை இமைத்தது போல, திரை பளிச்சென்று ஆனது. 3டி கருவியைத்தான் எடுக்காமல் விட்டிருந்தார்களாம். அரங்கு முழுக்க ஒரு முணுமுணுப்பு. முன் வரிசையில் யாரோ, "அப்பவே நினைச்சேன்" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1968இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. லட்டானே, டார்லி என்ற இரு உளவியலாளர்கள், ஓர் அறையில் ஆட்களை உட்கார வைத்துச் சுவரின் துளை வழியாகப் புகையை உள்ளே விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். சொல்லிவைத்தபடி கண்டுகொள்ளாமல் இருந்த இருவரோடு உட்கார்ந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். மற்றவர் சும்மா இருக்கிறார், அப்படியானால் ஒன்றுமில்லை போல என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்வது. புகைக்கே அப்படி என்றால் மங்கலான படத்துக்கு யார் எழுவார்?

படம் முடிந்து வெளியே வரும்போது மேனேஜர் நின்றிருந்தார். முதல் இருபது நிமிடம் போய்விட்டதே, என்ன செய்யலாம் என்று கேட்டேன். வேறொரு நாளைக்கு மூவருக்கும் பாஸ் எழுதிக் கொடுத்தார். முழுப் படத்தையும் அந்த இருட்டிலேயே பார்த்துவிட்டு வந்து கேட்டிருந்தால் என் கை இவ்வளவு ஓங்கியிருக்காது. "முழுசா பார்த்துட்டுத்தானே வந்தீங்க" என்ற ஒரு கேள்வியில் முடிந்திருக்கும். ஆகவே படம், ஒலி, குளிரூட்டி எதுவானாலும் முதல் கால் மணி நேரத்துக்குள் எழுந்துவிடுங்கள். ஒலியைப் பற்றி ஒரு சொல்: அரங்க ஒலிக்கருவிகள் பலவற்றில் 7 என்ற எண்தான் படத்தின் ஒலியைக் கலவை செய்தபோது வைத்திருந்த அளவு. சத்தம் அதிகம் என்று எப்போதோ ஒருவர் சொன்னதற்காக 5க்கு இறக்கி, அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. வசனம் காதில் விழவில்லை என்றால் அதையும் போய்ச் சொல்லலாம்.

இணையத்தில் டிக்கெட் வாங்கும்போது வரும் தொல்லை வேறு. அதை எழுத அதிகம் இல்லை. முதல் பக்கத்தில் ஒரு விலை, கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டணம் கூடி வேறொரு விலை, நடுவில் யாரும் கேட்காமலே டிக் செய்து வைத்த ஒரு காப்பீடோ நன்கொடையோ. இந்த மாதிரி வலைத்தள வேலைகளுக்கு ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010இல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். முன்கூட்டியே டிக் போட்டு வைத்துப் பணம் வாங்குவதை ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஜூனிலிருந்து தடுத்திருக்கிறது. இந்தியா 2023 நவம்பரில் 13 வகைகளைப் பெயர் சொல்லித் தடுத்தது. சட்டம் வந்தும் டிக் இருக்கிறது. நான் செய்வது: இரண்டு இடங்களை ஒப்பிடுவதாக இருந்தால் பணம் கட்டும் பக்கம் வரை போய், அங்கே காட்டும் மொத்தத்தைத்தான் ஒப்பிடுவேன். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வேன். இரண்டே படம். பின்னால் கேள்வி கேட்க அது போதும்.

நீச்சல்குளம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

லீவின் நான்காம் நாள். மூடிய கட்டடத்துக்குள் இருக்கும் குளம். கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏறும் நெடி. இவர், "நல்லா குளோரின் போட்டிருக்காங்க, தண்ணி சுத்தமா இருக்கும்" என்றார். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பியிருந்தேன். உண்மை நேர் எதிர். நல்ல நிலையில் இருக்கும் குளத்தில் அந்த நெடி லேசாகத்தான் இருக்கும். வியர்வை, சிறுநீர், உடம்பில் பூசிய களிம்பு இவையெல்லாம் குளோரினோடு சேர்ந்து குளோரமின் என்ற வேதிப்பொருள்களாக மாறுகின்றன. கண் எரிவதும் இருமல் வருவதும் அந்த நெடி அடிப்பதும் அவற்றால்தான். நெடி தூக்கலாக இருக்கிறது என்றால் அழுக்கு சேர்ந்துவிட்டது, கிருமியைக் கொல்லும் குளோரின் அதிலேயே செலவாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூடிய கட்டடத்தில் காற்றோட்டம் சரியில்லை என்றால் இன்னும் மோசம். குளோரமின் நீரின் மேற்பரப்புக்குச் சற்று மேலேயே தேங்கும், நீந்துபவர் மூச்சு இழுப்பதும் அங்கிருந்துதான்.

குளத்துக்கும் அளவு உண்டு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வது, கட்டற்ற குளோரின், அதாவது எதனோடும் சேராமல் கிருமியைக் கொல்லத் தயாராக இருப்பது, குறைந்தது 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு); நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.0க்கும் 7.8க்கும் நடுவில். வீட்டிலிருந்தே எடுத்துப்போகக்கூடிய காகிதப் பட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. நனைத்தால் நிறம் மாறும். பட்டை இல்லாவிட்டாலும் ஒரு சோதனை இருக்கிறது. கரையில் நின்று பார்த்தால் ஆழமான பக்கத்தின் அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். அது தெரியாத நீரில் ஒரு குழந்தை மூழ்கினாலும் தெரியாது. இந்த ஒன்றை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் குளத்தில் மூடி கலங்கலாகத்தான் தெரிந்தது. மகள் நீச்சலுடை போட்டுக்கொண்டு குதிக்கத் தயாராக நிற்கிறாள். அவளை நிற்கச் சொல்லிவிட்டுக் கவுண்டருக்குப் போனேன். "இன்னைக்குத் தண்ணிய எத்தனை மணிக்கு டெஸ்ட் பண்ணீங்க? ரெஜிஸ்டர் பார்க்கலாமா?" என்றேன். அங்கிருந்த பெண் ஒரு நோட்டை எடுத்தார். கடைசியாக எழுதியிருந்தது முந்தாநாள் காலை. அவருக்கே முகம் வாடிவிட்டது. பார்க்கிறவர் லீவில் இருக்கிறார் என்றார். அவருக்கும் லீவு உண்டுதானே. அதற்கு இன்னொருவரை நியமிக்க வேண்டியது நடத்துபவரின் பொறுப்பு. அதற்கான கோபத்தை அந்தப் பெண்ணிடம் காட்டுவது நியாயமில்லை. கவுண்டரில் நிற்பவரிடம் குரல் உயர்த்துபவர்களை எனக்குப் பிடிக்காது. விதியை எழுதியவர் எங்கோ இருக்க, திட்டு வாங்குபவர் இங்கே இருக்கிறார். நாங்கள் இன்னும் நீரில் இறங்கவில்லை, பணத்தைத் திருப்பித் தரமுடியுமா என்று மட்டும் கேட்டேன். இறங்காததால் அவரால் தர முடிந்தது.

மகள் அழுதாள். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஆனால் நேரே வீட்டுக்குப் போகவில்லை. திறந்த வெளியில் தண்ணீர் பீச்சும் ஊற்றுகள் இருக்கும் ஒரு பூங்காவுக்குப் போனோம், இருட்டும்வரை நனைந்தாள். வேண்டுமென்றேதான் செய்தேன். கானெமன் என்ற உளவியலாளரும் அவரோடு ஆய்ந்தவர்களும் 1993இல் வெளியிட்ட ஒரு சோதனை: 14 டிகிரி குளிர்நீரில் ஒரு நிமிடம் கையை வைத்திருக்கச் சொன்னார்கள், இன்னொரு முறை அதே ஒரு நிமிடத்தோடு கூடுதலாக முப்பது நொடி, அந்த முப்பது நொடியில் நீரை 15 டிகிரிக்கு லேசாகச் சூடாக்கினார்கள். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததே காரணம். ஒரு நாளின் நடுவில் ஏமாற்றம் வந்தால் அதோடு நாளை முடித்துக்கொள்ளாதீர்கள். கடைசி ஒரு மணி நேரத்தையாவது காப்பாற்றுங்கள். இப்போது அந்த நாளைப் பற்றிக் கேட்டால் அவள் ஊற்றைப் பற்றித்தான் பேசுகிறாள்.

குளத்துக்கு நாமும் கடன்பட்டிருக்கிறோம். இறங்கும் முன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றால் உடம்பிலிருக்கும் பெரும்பாலான அழுக்கு அங்கேயே போய்விடும். நான் கேள்வி கேட்பதானால் என் பங்கையும் செய்திருக்க வேண்டும்.

வரிசை என்பது நான் சண்டை போடாத இடம். ஒரு கண்காட்சிக்கு விடுமுறை நாளில் பதினோரு மணிக்குப் போய் மாட்டிக்கொண்டது போன வருடம். கூட்டம் கொஞ்சம் கூடினால் காத்திருப்பும் கொஞ்சம்தான் கூடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணித அறிஞர் 1909இல் அழைப்புகளைப் பற்றி எழுதியதிலிருந்து வளர்ந்த துறை இதைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. ஒரே கவுண்டர், ஒருவருக்குச் சராசரி ஒரு நிமிடம், ஆட்கள் ஒழுங்கில்லாமல் வருகிறார்கள் என்று வையுங்கள். நூறு நிமிடத்துக்கு 80 பேர் வந்தால் ஒருவர் அங்கே கழிப்பது சராசரியாக 5 நிமிடம். 90 பேர் என்றால் 10. 95 பேர் என்றால் 20. ஐந்து பேர் கூடியதற்கு நேரம் இரட்டிப்பு. இதைத் தலைகீழாகப் பாருங்கள்: திறக்கும் நேரத்துக்கோ, மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்போ போனால், கூட்டம் கொஞ்சம் குறைவாக இருந்தாலே காத்திருப்பு பாதியாகிவிடும். இந்த வருடம் திறக்கும்போதே வாசலில் நின்றோம். எட்டு நிமிடத்தில் உள்ளே.

மூன்று கவுண்டருக்கு மூன்று வரிசை இருந்தால் பக்கத்து வரிசை வேகமாக நகர்வது போலத் தெரிவது பிரமை மட்டும் இல்லை. மூன்றில் எது வேகமானது என்பதில் நம்முடையதாக இருக்க மூன்றில் ஒரு வாய்ப்புதான். ஒரே வரிசையாக நிறுத்தி, காலியாகும் கவுண்டருக்கு அனுப்புவதே நியாயம். கருத்துப் பெட்டி இருந்தது. அதை எழுதிப் போட்டேன். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு பலகை வையுங்கள் என்றும் எழுதினேன். நிற்பதைவிட எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நிற்பதுதான் குழந்தையோடு வருபவரைச் சோர வைக்கிறது.

இப்படிக் கேட்கப் போகும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு கூச்சம் வரும். இதற்கெல்லாமா தொந்தரவு செய்வது என்று. 1962 மார்ச் 15 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் நுகர்வோருக்கு நான்கு உரிமைகளைச் சொன்னார்: பாதுகாப்பு, தகவல், தேர்வு, நான்காவது, தன் குரல் கேட்கப்படுவது. அந்த நாளைத்தான் 1983இலிருந்து உலக நுகர்வோர் உரிமை நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அந்த நான்காவதை நினைத்துக்கொண்டால் எனக்குக் கால் நகர்ந்துவிடும்.

எல்லா இடத்திலும் ஜெயித்துவிடவில்லை. லீவு தொடங்கும் முன் நடப்பதற்கென்று வாங்கிய ஷூ, எட்டாம் நாள் பூங்காவில் அடிப்பாகம் பிளந்துகொண்டது. கடைக்குப் போனேன். பில்லை எடுத்தால் வெள்ளைத் தாள். பில் அச்சடிக்கும் வெப்பத் தாளில் மை கிடையாது. சூடு பட்ட இடம் கறுக்கும்படி பூச்சு இருக்கும், அவ்வளவுதான். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலும், கைகழுவும் சானிடைசர் பட்டாலும், வெயிலில் காரில் கிடந்தாலும் எழுத்து அழியும் அல்லது தாளே கறுத்துப்போகும். போன வருடம் ஒரு குடையின் பில் அப்படிப் போனதால், இந்தத் தடவை வாங்கிய அன்றே ஃபோட்டோ எடுத்திருந்தேன். அதைக் காட்டினேன். கவுண்டரில், ஏழு நாள்தான் மாற்றித் தருவோம் என்றார்கள். மனம் மாறித் திருப்பித் தருவதற்கு ஏழு நாள் சரி. பொருளே பழுது என்றால் அந்தக் கணக்கு பொருந்தாது என்று சொன்னேன். மேனேஜர் இல்லை.

அன்றிரவே எழுதி அனுப்பினேன். கோபத்தில் எழுதிய முதல் கடிதம் இரண்டு பக்கம் வந்தது. அதை அழித்துவிட்டு ஆறு வரியில் எழுதினேன். எந்தத் தேதியில் என்ன வாங்கினேன், என்ன ஆனது, எப்போது கடைக்கு வந்தேன், அங்கே என்ன சொன்னார்கள், எனக்கு வேண்டியது இதே அளவில் வேறொரு ஜோடி, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். பில்லின் ஃபோட்டோவும் பிளந்த இடத்தின் ஃபோட்டோவும் இணைப்பு.

அனுப்பிப் பதினோரு நாள் ஆகிறது. நான் கொடுத்த தேதிக்கு இன்னும் மூன்று நாள் பாக்கி. பதில் வராவிட்டால் கார்டில் கட்டிய பணம் என்பதால் அடுத்து வங்கியில் எழுதிக் கொடுப்பேன்; அதற்கும் கெடு உண்டு, தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன். இவர், "பசை வாங்கி ஒட்டிடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒட்டினால் பழுது மறைந்துவிடும். இரண்டு ஷூவும் வாங்கிய பெட்டியிலேயே, பிளந்தது பிளந்தபடி, அலமாரியில் இருக்கின்றன.